வடிவு என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'நைஸ்' என்னும் பெயரடை, 'அறியாத' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் மூடத்தன்மையைச் சுட்டிற்று. பின்னர் நுண்மையைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் இனிமையைக் குறிக்கலாயிற்று. 1818ஆம் ஆண்டு பொறித்து வெளிவந்த நாவலொன்றில், கதைமாந்தன் ஒருவனைக் கொண்டு இப்புது வழக்கை எள்ளி நகையாடினார் ஜேன் ஒஸ்ரின். நகைத்தும் வழக்கு நின்றுவிட்டது.

நம் 'வடிவு' என்பதும் இத்தகையதே. அதன் அடிப்படைப் பொருள் உருவம். வட்ட வடிவு, சதுர வடிவு என்கின்றோம். உருவமில்லாத மாந்தர் யாவர்? ஆயினும் 'வடிவுடையாள்' எனின் அழகுடையாள் என்றே கொள்கின்றோம். 'குணமுடையான்' என்றவிடத்து நற்குணத்தைக் கொள்வது போன்றதே இது. திருவொற்றியூர் அம்மையின் திருநாமம் வடிவுடையம்மை. ஆதலின் இப்பொருளை யாழ்ப்பாணத்தார் தாமாகப் படைத்தாரல்லர். இலத்தீனிலும் உருவத்தைக் குறித்த 'போர்மா' என்பதனடியாகவே அழகியது என்னும் சொல் பிறந்தது. போர்த்துக்கேயர் தைவான் தீவுக்கு இட்ட 'போர்மோசா' என்னும் பெயர் அதன் வழிவந்ததே.

நம்மவர் செய்தது அதற்கடுத்த படி. கீரிமலைக் கேணியிலே 'வடிவாய் முழுகு' என்று தாய் பிள்ளைக்குச் சொல்லுவது அழகாக முழுகுமாறன்று. குறைவற, நன்றாக என்பதே கருத்து. 'வடிவாய்த் தெரியும்' என்றவிடத்தோ ஐயமின்மையே பொருள். கண்ணுக்கினிய அழகுக்கு அங்கே இடமில்லை. உருவம் நிறைந்தது அழகு. செயல் நிறைந்தது செப்பம். இவ்வளர்ச்சியைக் கொச்சையென்று தள்ளுதல் பொருந்தாது.

யானும் தள்ளியவனே. மாணவர் கட்டுரைகளில் இச்சொல்லைப் பல்லாண்டு சிவப்பு மையால் வெட்டி, 'செம்மையாக' என மேலே எழுதியிருக்கின்றேன். செம்மைக்குச் சிவப்பு என்னும் பொருளும் உண்டென்பதை அப்பொழுது நினைத்திலேன்.