கேமராவுக்கும் தெரியாத சண்டை

குங்ஃபூ படங்களுக்கு எழுதப்படாத விதி ஒன்று உண்டு. சண்டை போடுபவரின் உடம்பு தலை முதல் கால்வரை தெரிய வேண்டும். ஷா பிரதர்ஸ் நிறுவனத்தின் படங்களிலும் அப்படித்தான், ஜாக்கி சான் படங்களிலும் அப்படித்தான். வித்தை நிஜம் என்று பார்ப்பவர் நம்புவதற்கு அதைவிட நேரான வழி இல்லை. 1995இல் வந்த ‘தி பிளேட்’ படத்தில் ஹாங்காங் இயக்குநர் சூய் ஹார்க் இந்த விதியைத் தூக்கிக் கடாசினார். படம் ஓடவில்லை. இன்றும் ஹாங்காங் சினிமாவைத் தேடிப் பார்க்கும் கூட்டத்துக்கு வெளியே அதன் பெயரைச் சொன்னால் பலர் விழிப்பார்கள்.

இதைச் செய்தவர் கற்றுக்குட்டி அல்ல. ஜெட் லீயை வைத்து 1991இல் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் சைனா’ எடுத்து, ஓய்ந்துகிடந்த குங்ஃபூ படத்துக்கு மறுவாழ்வு தந்தவர். கம்பியில் பறக்கும் வீரர்களை அழகாகக் காட்டுவதில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. தான் கட்டிய அந்த அழகைத்தான் இங்கே அவரே இடித்தார்.

கதை புதிதல்ல. சாங் செ இயக்கி ஜிம்மி வாங் யூ நடித்த 1967ஆம் ஆண்டின் ‘ஒன் ஆர்ம்டு ஸ்வார்ட்ஸ்மேன்’ படத்தின் மறுவார்ப்பு இது. வாள் வடிக்கும் பட்டறையில் வளர்ந்த ஆன் என்ற அநாதை, தன் தந்தையைக் கொன்றவன் ஃபெய் லுங் என்று அறிந்து, தந்தையின் முறிந்த வாளோடு புறப்படுகிறான். பட்டறை முதலாளியின் மகள் லிங்கைக் கொள்ளையரிடமிருந்து மீட்கப் போய் வலது கையை இழக்கிறான். பழைய படத்தில் வீரனின் கையை வெட்டுபவளே குருவின் மகள்தான். இங்கே அவள் வெட்டவில்லை. ஆனால் இரண்டு ஆண்கள் தனக்காக மோதிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள். கதையைச் சொல்வதும் அவள் குரல்தான். வீரர்களின் உலகத்தில் என்ன நடக்கிறது என்று அவளுக்குப் பாதிக்கு மேல் புரிவதில்லை. வாள்வீரன் கதையை அதற்குள் நுழைய முடியாத ஒரு பெண்ணின் வாயால் சொல்லவைத்தது நல்ல துணிச்சல்.

சண்டைக்கு வருவோம். அடுத்த அடி எங்கே விழும் என்று இந்தப் படத்தின் கேமராவுக்கு முன்கூட்டியே தெரியாது, தெரியாததுபோல் எடுத்திருக்கிறார்கள். கையில் தூக்கிய கேமரா தாமதமாகத் திரும்புகிறது. மழையும் தீயும் மூங்கிலும் குறுக்கே வருகின்றன. வாள் இறங்குவதைவிட அது இறங்கிய பிறகு நடப்பதையே அதிகம் பார்க்கிறோம். தெருவில் அடிதடி மூண்டால் பக்கத்தில் நிற்பவன் கண்ணில் என்ன படுமோ, அதுதான் திரையில். ஒரு துறவி ரௌடிகளை அநாயாசமாக அடித்து விரட்டும் காட்சி தொடக்கத்திலேயே வருகிறது. வழக்கமான படமாக இருந்தால் அவர் கடைசிவரை வந்திருப்பார். இங்கே அதே ரௌடிகள் விலங்கு பிடிக்கும் இரும்புப் பொறிகளை வைத்து அவரைச் சாய்த்துவிடுகிறார்கள். திறமை யாரையும் காப்பாற்றாது என்பது நமக்கு அங்கேயே புரிந்துவிடுகிறது.

இது வெறும் குழப்பம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இறுதிச் சண்டையைக் கவனியுங்கள். ஆனிடம் இருப்பது ஒரு கை, அதுவும் பழக்கமில்லாத இடது கை. வாளோ பாதி நீளம். எட்ட நின்று வீச முடியாது. எதிரியை நெருங்கியே ஆக வேண்டும். பாதி எரிந்த பயிற்சி நூலிலிருந்து அவன் தேற்றிக்கொண்ட ஒரே வித்தை, பம்பரமாகச் சுழல்வது. கை தர முடியாத வேகத்தை உடம்பின் சுழற்சி தருகிறது. எதிரே ஃபெய் லுங்காக வரும் ஷியோங் ஷின்ஷின், உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டு, பறக்கக்கூடியவன் என்று பெயரெடுத்தவன், எட்ட இருந்தே தாக்குபவன். ஆக மொத்தம் இது தூரத்துக்கும் நெருக்கத்துக்கும் இடையிலான சண்டை. அந்தக் கணக்கு முன்பே மனதில் பதிந்துவிடுவதால், தனித்தனி ஷாட்டில் பாதி தெரியாவிட்டாலும் யார் கை ஓங்குகிறது என்பதில் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. ஆனாக நடித்த வின்சென்ட் ஜாவ் முறையாக வூஷு பயின்றவர் என்பதும் இதற்குத் துணை. கேமரா நடுங்கினாலும் அவர் கால் நடுங்காது. பிற்காலத்தில் ஹாலிவுட்டில் பரவிய நடுங்கும் கேமரா சண்டைகள் பலவற்றில் இது தலைகீழ். சண்டை தெரியாத நடிகரை மறைக்கவே அங்கே கேமரா ஆடியது.

குறைகள் சின்னவை அல்ல. சண்டைக்கு வகுத்த முறையை சூய் ஹார்க் சண்டை இல்லாத இடத்துக்கும் நீட்டிவிட்டார். சாப்பிடுவதும் கத்தல், காதலும் கத்தல், தேடி அலைவதும் கத்தல். எல்லாமே உச்சஸ்தாயியில் இருந்தால் உச்சம் எது? படத்தின் நடுப்பகுதி இதனாலேயே களைப்பூட்டுகிறது. அதே 1995இல் அவர் இயக்கிய ‘தி சைனீஸ் ஃபீஸ்ட்’, ‘லவ் இன் தி டைம் ஆஃப் ட்விலைட்’ ஆகிய இரண்டும் வெளிவந்தன என்பதை நினைத்தால், திரைக்கதையில் தெரியும் அவசரம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை பெண்கள் விஷயத்தில். லிங்கிடம் குரலைக் கொடுத்த படம், அவளுக்குச் செய்வதற்கு ஏதும் கொடுக்கவில்லை. ஆனைக் காப்பாற்றும் அநாதைப் பெண் அவனுக்கு இணையாகத் துன்பப்பட்டவள். அவளைப் பெரும்பாலும் வேடிக்கைக்குப் பயன்படுத்திவிட்டு, பிறகு அவளுடைய கதையைப் படம் கைவிட்டுவிடுகிறது. ஆனின் நண்பன் அயர்ன் ஹெட் ஒரு விலைமாதை நடத்தும் விதத்தைப் படம் கண்டிக்கிறதா, ரசிக்கிறதா என்று கடைசிவரை பிடிபடுவதில்லை. ஆண்களின் வெறியைத்தான் காட்டுகிறோம் என்று வாதாடலாம். ஆனால் அந்தக் காட்சிகளில் கேமரா லிங்கின் பக்கம் நிற்கவில்லை. வெறியின் பக்கம் நிற்கிறது.

2005இல் ‘செவன் ஸ்வார்ட்ஸ்’ படத்தோடு சூய் ஹார்க் வாள்வீரர்களிடம் திரும்பி வந்தார். ஆள்பலமும் பணபலமும் அதில் தாராளம், சண்டைகளும் தெளிவாகத் தெரிகின்றன. எனக்கென்னவோ, இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ‘தி பிளேட்’தான் உடம்பில் தைக்கிறது, மேலே சொன்ன அத்தனை குறைகளோடும்.