யூதர் வழிபாட்டுப் பாடலில் கூட்டத்தின் குரல்

பாடலின் பொருளை ஆராய்வார் பலர். யாப்பை ஆராய்வாரும் பலர். அப்பாடலை வாய்விட்டுப் பாடினார் யாவர், எத்துணையர், எம்முறையிற் பாடினர் என வினவுவார் சிலரே. தனித்திருந்து படித்தற்கு எழுந்த செய்யுளுக்கு இவ்வினா இன்றியமையாததன்று. பலர் கூடிப் பாடுதற்கென்றே எழுந்த பாடலுக்கோ இதுவே முதல் வினாவாகும். யூதரின் வழிபாட்டுப் பாடல்களை இவ்வினாக்கொண்டு நோக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

யூத இசையாராய்ச்சிக்கு அடிகோலியவருள் தலைசிறந்தவர் ஆபிரகாம் இடெல்சோன் (1882-1938). ஏமன், பாரசீகம், மொராக்கோ முதலிய நாட்டு யூதரின் இசையை அவர் 1914 முதல் 1932 வரை 10 தொகுதிகளாக வெளியிட்டார். சிதறி வாழ்ந்த மக்களின் பண்களிடையே பொதுக்கூறுகள் உள என்று நிறுவுதலே அவருடைய பெருநோக்கம். அப்பணி பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பண்ணின் ஒப்புமை ஒன்று. பாடும் முறை மற்றொன்று. ஒரே பண்ணை ஒருவர் பாடப் பிறர் கேட்கலாம். ஒருவர் பாடப் பிறர் மறுமொழி கூறலாம். எல்லாரும் ஒருங்கே பாடலாம். பண் மாறாதிருப்பினும் வழிபாட்டின் இயல்பு மூன்றிடத்தும் வேறாகின்றது.

இவ்வேறுபாட்டை முதற்கண் உணர்ந்தார் யூத அறிஞரே. செங்கடலைக் கடந்தபின் மோசேயும் இசுரவேல் மக்களும் பாடியதாக யாத்திராகமம் 15ஆம் அதிகாரம் ஒரு பாடலைத் தருகின்றது. முன்னர் ஒருவரும் அறியாத புதுப்பாடலை ஒரு மக்கள் தொகுதி முழுவதும் எங்ஙனம் பாடியிருத்தல் கூடும்? பாபிலோனியத் தால்முதின் சோட்டா என்னும் பகுதி இவ்வினாவிற்கு மூன்று விடை கூறும். அக்கீபா என்பார், வளர்ந்த ஒருவர் ஹல்லேல் என்னும் புகழ்ப்பாடற் கோவையைப் பாட, ஏனையோர் தலைப்புத் தொடரை மட்டும் திரும்பத் திரும்ப மறுமொழியாகக் கூறுதல் போல என்றார். யோசேயின் மகன் எலியேசர் என்பார், சிறுவன் ஒருவன் பாட, அவன் பாடியன அனைத்தையும் ஏனையோர் திருப்பிப் பாடுதல் போல என்றார். நெகேமியா என்பார், தொழுகைக்கூடத்தில் ஷெமா என்னும் அறிக்கையை ஒருவர் தொடங்க, ஏனையோர் தொடர்ந்து கூறுதல் போல என்றார். இவற்றை முறையே மறுமொழி முறை, திருப்புமுறை, உடன்பாடல் முறை எனப் பெயரிட்டு வழங்கலாம்.

வளர்ந்தவர் பாடின் மறுமொழி சுருங்குதற்கும், சிறுவன் பாடின் விரிதற்கும் காரணம் யாது? மிசுனாவின் சுக்கா என்னும் பகுதி அதனை விளக்குகின்றது. கடமைக்கு உட்பட்ட வளர்ந்தவர் பிறர்பொருட்டும் அக்கடமையை நிறைவேற்றவல்லார். ஆதலின் கேட்போர் 'அல்லேலூயா' என்ற ஒரு சொல்லே கூறினும் அமையும். சிறுவனுக்கு அத்தகுதி இல்லை. ஆதலின் கேட்போர் ஒவ்வொரு சொல்லையும் தாமே சொல்லியாக வேண்டும். இதனால் அறியப்படும் உண்மை சிறிதன்று: முன்னின்று பாடுவோரின் உரிமை மிகுந்தோறும் கூட்டத்தின் குரல் சுருங்குகின்றது; அவ்வுரிமை குறையுந்தோறும் கூட்டத்தின் குரல் விரிகின்றது. அப்பகுதியே, சிறுவனைப் பாடவிட்டுத் தாம் பின்சொல்லும் நிலைக்கு வந்த வளர்ந்தவரைக் கடிந்தும் பேசுகின்றது. கல்லாமை அங்கு இழிவாகக் கருதப்பட்டது போலும்.

இனிப் பாடல்களை நோக்குவோம். 136ஆம் திருப்பாடலில் 26 அடிகள் உள. ஒவ்வோர் அடியின் பிற்பாதியும் ஒரே தொடராகும். ஏட்டிற் படிப்பார்க்கு இது கூறியது கூறலாகத் தோன்றும். முற்பாதிகளை மட்டும் தொடர்ந்து படிப்பின், உலகப் படைப்பு முதல் நாடு பெற்றது வரையுள்ள வரலாறு தொடர்பறாமற் செல்வதைக் காணலாம். 7 முதல் 9 வரையுள்ள அடிகளில் ஒரே வாக்கியம் மூன்று முற்பாதிகளிலும் நீண்டு செல்ல, இடையிடையே அம்மகுடம் புகுந்து அதனைத் துணிக்கின்றது. ஒரே வாய் பாடுதற்கு இவ்வமைப்பு பொருந்தாது. இரு குரலுக்கு நன்கு பொருந்தும். வரலாற்றைக் கூறுவது ஒரு குரல்; அதன் பயனைக் கூறுவது மற்றொரு குரல். ஆதலின் இம்மகுடத்தைக் கூறியது கூறல் என்னும் குற்றத்தின்பாற் படுத்தல் பொருந்தாது.

கூட்டத்தின் குரல் ஏட்டில் எழுதப்படாமலே போதலும் உண்டு. 145ஆம் திருப்பாடல் வழக்கிலுள்ள எபிரேயப் பாடத்தில் மகுடமின்றியே காணப்படுகின்றது. 1956இல் கும்ரானின் 11ஆம் குகையிற் கிடைத்து, 1965இல் சாண்டர்சு என்பவரால் பதிப்பிக்கப்பெற்ற திருப்பாடற் சுருளிலோ, அதே பாடலின் ஒவ்வோர் அடிக்குப் பின்னும் ஒரு வாழ்த்துத் தொடர் எழுதப்பட்டுள்ளது. அது கூட்டத்தார் கூறிய மறுமொழி என்று கொள்ளுதற்கு இடமுண்டு. அங்ஙனமாயின், ஓர் ஏடு பாடுவோரின் பகுதியை மட்டும் காத்தது. மற்றோர் ஏடு கூட்டத்தின் பகுதியையும் காத்தது என்பது பெறப்படும். மகுடமில்லாப் பாடல் அனைத்தும் தனிப்பாடல் என முடிவு செய்வார்க்கு இஃது ஓர் எச்சரிக்கையாகும்.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தது. அங்கே லேவியர் கருவிகளோடு பாடிய முறையும் அதனோடு முடிந்தது. ஆலயத்தை இழந்த துயராலும், ஓய்வுநாள் பற்றிய விதிகளாலும் மரபுவழித் தொழுகைக்கூடங்களிற் கருவியிசை விலக்கப்பட்டது. மனிதக் குரலே எஞ்சியது. 16ஆம் நூற்றாண்டில் சாபேத்து நகரில் வாழ்ந்த சாலமோன் அல்கபேத்து இயற்றிய 'லெகா தோதி' அக்குரலுக்கு உரிய பாடல்களுட் சிறந்தது. வெள்ளி மாலையில் ஓய்வுநாளை மணமகளாக எதிர்கொள்ளுதற்குப் பாடப்பெறுவது. அதன் ஒன்பது கண்ணிகளுள் முதல் எட்டின் முதலெழுத்துக்களும் சேர்ந்து புலவரின் பெயரைத் தரும். இம்முதலெழுத்துக் கோவை கண்ணுக்குரியது. இடையிடையே வரும் மகுடம் செவிக்குரியது. கண்ணிகள் பல எருசலேம் நகரை ஒருமையில் விளித்துத் தேற்றுவன. மகுடமோ நாம் என்னும் பன்மைத் தன்மையில் அமைந்தது. புலவன் தன் பெயரைக் கண்ணிகளில் மறைத்து வைத்து, மகுடத்தைக் கூட்டத்திற்கு ஈந்துவிட்டான். கடைசிக் கண்ணியின்போது கூட்டத்தார் எழுந்து வாயிலை நோக்கித் திரும்புவர். பாடலின் பொருள் அங்கே உடலின் செயலாகவும் ஆகின்றது. இதற்கெனத் தனிப்பண் ஒன்று இல்லை. அந்தந்த ஊரார் தத்தம் பண்ணிற் பாடுவர். எனவே இங்கு நிலைபெற்றது பண்ணன்று, பாடும் முறையே என்க.

சொல்லையே அடிப்படையாகக் கொண்ட இவ்வாராய்ச்சிக்குத் தடையாக நிற்பது ஹசிதியரின் நிகுன் ஆகும். 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த ஹசிதிய இயக்கத்தார் சொல்லற்ற இசையைப் பெரிதும் போற்றினர். 'யை', 'பம்' போன்ற பொருளற்ற அசைகளே அதற்கு உறுப்பு. இது வெறும் உணர்ச்சிப் பெருக்கு எனத் தள்ளுதல் தகாது. ஹபாத் பிரிவின் முதல்வர் சினேயூர் சல்மான் (1745-1812) அமைத்த நிகுன் ஒன்று நான்கு பகுதிகளை உடையது. அவற்றை நான்கு உலகங்களோடு இயைத்துக் கூறுவது அவர்தம் மரபு. திருமணம் முதலிய சிறப்பு நாட்களிலேயே அது பாடப்பெறும். ஆகவே சொல் நீங்கினும் ஒழுங்கு நீங்கவில்லை. நீங்கியது கற்றார், கல்லாதார் என்னும் வேற்றுமையே. ஏட்டைப் படிக்க மாட்டாதவனுக்கு மிசுனா கூறிய இழிவு இங்கு இல்லை. ஒருமுறை கேட்டவன் மறுமுறை உடன்பாடலாம். நெகேமியா கூறிய மூன்றாம் முறை தூய வடிவிற் காணப்படுவது இங்கேயாம். ஆயினும் இதற்கு ஒரு விலையும் உண்டு. வரலாற்றைக் கூறும் ஆற்றல் சொல்லற்ற பாடலுக்கு இல்லை. 136ஆம் திருப்பாடல் ஒரு மக்களின் நினைவைக் காக்கும். நிகுன் அவர்தம் ஒருமையைக் காக்கும்.

19ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டிற் புதியதொரு நிலை தோன்றியது. 1810இல் செயெசன் என்னும் செருமானிய ஊரின் தொழுகைக்கூடத்தில் ஆர்கன் கருவி இடம்பெற்றது. வியன்னாவில் சாலமோன் சுல்சர் (1804-1890) நாற்குரற் பாடகர் குழுவை அமைத்து, 1840இல் 'சீர் சீயோன்' என்னும் இசைத்தொகுதியை வெளியிட்டார். ஒழுங்கும் இனிமையும் மிக்கன. எனினும் கூட்டத்தார் பாடுவோர் என்னும் நிலையினின்று கேட்போர் என்னும் நிலைக்கு நகர்ந்தனர். தால்முத் அறிஞர் கூறிய மூன்றனுள்ளும் அடங்காத நான்காம் முறை இது. பெர்லினில் லூயிசு லெவந்தோவ்சுகி (1821-1894) இதனை உணர்ந்தார் போலும். 1871இல் அவர் வெளியிட்ட தொகுதி ஒரு குரலுக்கும் இரு குரலுக்கும் அமைந்தது. அவருடைய இசையிற் பல, குழுவின் துணையின்றியே கூட்டத்தாரால் இன்றும் பாடப்பெறுகின்றன.

நம் நாட்டிற்கு அணித்தாகவும் ஒரு சான்று உண்டு. பெண்ணின் குரலை ஆடவர் கேட்டல் தகாது என்னும் கருத்துத் தால்முதில் உளது. அது பற்றிப் பல ஊர்களிற் பெண்டிர் ஆடவர்முன் பாடுவதில்லை. கொச்சி யூதரிடம் அத்தடை இல்லை. அவர்தம் பெண்டிர் திருமணத்திலும் விழாக்களிலும் மலையாளப் பாடல்களைக் கூடிப் பாடினர்; பாடல்களைக் கையெழுத்துச் சுவடிகளில் எழுதிக் காத்தனர். 1950ஐ அடுத்த ஆண்டுகளில் அம்மக்களுட் பெரும்பாலார் இசுரேலிற் குடியேறினர். சுவடிகள் உடன் சென்றன. பாடும் கூட்டம் சிதறியது. 2004இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசையாராய்ச்சி மையம் அப்பாடல்களின் ஒலிவட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் சுகறியா சக்கறியாவும் ஒஃபிரா கம்லியேலும் 'கார்குழலி' என்னும் தொகுப்பைப் பதிப்பித்தனர். பாடலும் ஒலியும் ஒருங்கே கிடைத்தமையால், சொல்லை மட்டுமன்றிப் பாடும் முறையையும் ஆராய வழி பிறந்துள்ளது. பழைய மலையாளமும் தமிழும் ஒருங்கறிந்த நம் மாணவர் இத்துறையிற் புகுவாராயின் பயன் மிகும்.

இதுகாறும் கூறியவற்றால், கூட்டுப்பாடல் என்பது பல குரல் ஒலித்தல் மட்டுமன்று, குரலைப் பகுத்தளிக்கும் முறையே அதன் உயிர் என்பது புலனாகும். மகுடத்தைச் சுருக்கி 'மேற்படி' எனக் குறிக்கும் பதிப்பாசிரியர், இடம் மிச்சமாயிற்று என்று எண்ணுவர். அவர் நீக்கியது கூட்டத்தின் பகுதி. ஒரு பாடலைப் பதிப்பிப்பார் சொல்லும் பண்ணும் தருவதோடு, யார் தொடங்கினர், யார் எவ்விடத்தில் எதனை மறுமொழியாகக் கூறினர் என்பதனையும் குறித்தல் வேண்டும். அது குறிக்கப்படாதவழி, பாடிய தலைமுறை மறைந்தபின் அதனை மீட்டல் அரிது.