சத்தமில்லாத சாம்

1922 எவரெஸ்ட் குழுவோடு போன ஜான் நோயல், திபெத்தின் ரோங்புக் மடத்தில் லாமாக்கள் ஆடும் சாம் நடனத்தைப் படம்பிடித்தார். ஊமைப்படம், நீளக் கொம்பும் தாளமும் நம் காதுக்கு எட்டாது. அதனாலேயே கண் கூர்மையாகிவிடுகிறது. ஒரு காலைத் தூக்கி மெல்லச் சுழலும் உடல், சற்றே பிந்தி விரியும் பட்டு அங்கியின் அகலக் கைகள், கனத்த முகமூடியோடு அசையும் தலை. மணிக்கணக்கில் நீளும் சடங்கு, ஃபிலிம் சுருள் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் துண்டுதுண்டாகத்தான் கிடைக்கிறது. போகட்டும், கிடைத்ததே பெரிது.

அடுத்த படத்துக்கு அவர் செய்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. 1924 டிசம்பரில் லண்டன் ஸ்காலா அரங்கில், படத்தோடு லாமாக்களையே மேடையேற்றி ஆடவைத்தார். லாசாவில் இருந்த திபெத் அரசு கொதித்துப்போனது. மறுபடி ஒரு எவரெஸ்ட் குழு திபெத் வழியாகப் போக 1933 ஆயிற்று. அதற்கு இந்த மேடைக்கூத்தும் ஒரு காரணம்.