64 பிட்டா, 63 பிட்டா?

ஒரு வங்கியின் வலைத்தளத்தைத் திறக்கிறோம். அது அவ்வங்கியின் தளந்தான் என்பதற்கு என்ன சாட்சி? சான்றளிப்பு நிறுவனம் ஒன்று கையொப்பமிட்ட மின்சான்றிதழே சாட்சி. அதை வழங்கும் விதிகளை, இந்நிறுவனங்களும் உலாவி மென்பொருள் தயாரிப்பாளர்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் என்னும் அமைப்பு வகுத்திருக்கிறது. அவற்றுள் வரிசை எண் பற்றிய ஒரு விதியை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். படிக்க எளிது, பொருள் கொள்வது அத்தனை எளிதன்று.

சான்றிதழ்களின் வரிசை எண் 1, 2, 3 என ஏறிச் சென்றால் என்ன கெடுதி? கையொப்பம், வாசகத்திலிருந்து கணக்கிட்ட சிறியதொரு சுருக்க எண்ணின்மீதே இடப்படுகிறது. வரப்போகும் சான்றிதழின் வாசகத்தை முன்கூட்டியே ஊகிக்க முடிந்தால், அதே சுருக்க எண்ணைத் தரும் போலி வாசகம் ஒன்றையும் தயாரித்து வைத்துக்கொள்ளலாம். 2008 டிசம்பரில் ஆராய்ச்சியாளர் குழு ஒன்று இதைச் செய்தே காட்டியது. எம்.டி.5 என்ற பழைய சுருக்க முறையின் பலவீனமும், வரிசை எண்ணை ஊகிக்க முடிந்ததும் அவர்களுக்குக் கைகொடுத்தன. கணக்குப் போட்டவை சுமார் 200 பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பொறிகள்!

2012-ல் நடைமுறைக்கு வந்த விதி, எண்ணில் குறைந்தது 20 பிட் என்ட்ரோபி வெளிப்படுவது நல்லது என்றது. (வெப்ப இயக்கவியலில் நம் மாணவர்கள் படிக்கும் என்ட்ரோபிக்கு இது உறவுதான், இங்கு அது ஊகிக்க இயலாமையின் அளவு.) 2016 செப்டம்பர் 30 முதல் இது கட்டாயமாயிற்று. அளவு உயர்ந்தது, வாசகமும் மாறியது. பாதுகாப்பான சமவாய்ப்பு எண் நிரல் தரும் வெளியீட்டில் குறைந்தது 64 பிட்டுகளை வரிசை எண் கொண்டிருக்கவேண்டும். அது பூஜ்யத்தைவிடப் பெரிதாகவும் இருக்கவேண்டும்.

சிக்கல் இங்கேதான். ஈஜேபிசிஏ என்னும் மென்பொருளின் இயல்பான அமைப்பு, 8 பைட், அதாவது 64 பிட் நீளத்தில் எண்களை உண்டாக்கியது. சான்றிதழில் எண்ணை எழுதும் முறைப்படி முதல் பிட் 1 ஆனால் அது குறை எண்ணாகிவிடும். குறை எண் கூடாது; ஆகவே முதல் பிட் எப்போதும் 0. 2019 பிப்ரவரியில், ஐக்கிய அரபு எமிரேட்ஸைச் சேர்ந்த டார்க்மேட்டர் நிறுவனத்தின் சான்றிதழ்களை ஆராய்ந்தபோது இது வெளிவந்தது. ஆப்பிள், கூகுள், கோடாடி ஆகியவையும் தங்களிடம் இதே குறையைக் கண்டன. பாதிக்கப்பட்டவை இலட்சக்கணக்கில்.

“64 இடங்களையும் நிரப்பினோமே, விதியில் வேறென்ன இருக்கிறது?” என்பது ஒரு வாதம். 64 நாணயங்களைச் சுண்டுங்கள். முதல் நாணயம் தலையாக விழுந்தால் அத்தனையையும் தள்ளிவிட்டு மறுபடி சுண்டுங்கள். கடைசியில் எதிரே கிடப்பவை 64 நாணயங்கள்தாம். ஆனால் முதலாவது பூ என்பது பாராமலே தெரியும்! புதிதாகத் தெரிந்துகொள்ள 63 மட்டுமே மீதி. எனவே வாதம் நிற்காது என்றே கருதுகிறேன். வரிசை எண்ணுக்கு 20 பைட் வரை இடமிருக்கையில் 8-லேயே நின்றதற்குக் காரணமும் இல்லை.

ஆயினும் விதியை எழுதியவர்களை எளிதில் விட்டுவிட முடியாது. பழைய வாசகம் குழம்பில் இருக்கும் உப்பை அளந்தது. புதியது குழம்பில் போட எடுத்த உப்பை அளக்கிறது. இதற்கும் ஒரு நியாயம் உண்டு: ஒரே ஒரு சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு என்ட்ரோபியை அளக்க இயலாது, செய்முறையைத்தான் தணிக்கை செய்யலாம். அப்படியானால் ‘மாறாத பிட்டுகளை நீக்கி’ என்று இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்திருக்கலாமே!

2-ன் 63-ஆம் அடுக்கு என்பது சுமார் 9.2 கோடி கோடி கோடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லவா, அதுவும் மலைபோன்ற எண்தான். எம்.டி.5-ஐக் கைவிட்டு எஸ்.எச்.ஏ.-256 வந்துவிட்டதால் இக்குறையினால் எவரும் போலி செய்துவிடப் போவதுமில்லை. இருந்தும் 5 நாட்களுக்குள் ரத்து செய் என்பது கொடுமை என்றனர் சிலர். எது ஆபத்தில்லாத குறை என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே தீர்மானித்தால், உலாவி யாரை நம்புவது? அந்த வகையில் கண்டிப்பு சரியே.

பின்னர் இவ்விதியில், எண் 2-ன் 159-ஆம் அடுக்குக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்ற மேல் எல்லையைச் சேர்த்தார்கள். ‘64 பிட்டுகளைக் கொண்ட’ என்ற தொடரை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள்.