பின்னலும் பின்னிய கையும்

கலை வேறு, கைத்தொழில் வேறு எனும் பாகுபாடு சமூகச் சார்பற்றதன்று. ஆபிரிக்கக் கூந்தற் பின்னல் இதற்குத் தக்க சான்றாகும்.

நைஜீரியப் புகைப்படக் கலைஞர் ஜே. டி. ஒக்காய் ஒஜெய்கெரே, 1968இல் தொடங்கி ஏறத்தாழ 1000 கூந்தல் ஒப்பனைகளைக் கறுப்பு வெள்ளையிற் பதிவுசெய்தார். பெரும்பாலும் பின்புறமிருந்து எடுக்கப்பட்ட அப்படங்களிலே தலை சிற்பமாகிறது. விரைவிற் கலைந்துவிடும் கலையொன்றுக்கு அவர் நிலைபேறு அளித்தார். ஆயின், பின்னிய கை சட்டகத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

அக்கையைச் சட்டகத்துள் கொணர்ந்தமை, சிமமண்டா ங்கோசி அடிச்சியின் 'அமெரிக்கானா' (2013) நாவலின் சிறப்பு. பிரின்ஸ்ரனில் பின்னல் நிலையம் இல்லாமையால் கதைநாயகி இபெமெலு ரயிலேறி ரென்ரனுக்குச் செல்கிறாள். அவளது தலையைப் பின்னும் செனகல் நாட்டுப் பெண் ஆயிஷாவோ, குடியுரிமை ஆவணங்கள் இன்மையால் தந்தையின் இறுதிக் கிரியைகளுக்கும் செல்லவியலாதவள். ஒருத்திக்குத் தன்னடையாளத்தின் மீட்பாக அமையும் பின்னல், மற்றவளுக்கு நாள் முழுதும் நின்று செய்யும் கூலியுழைப்பு. இம்முரண்பாட்டை நாவல் இனங்காண்கிறது. எனினும், ஆயிஷாவை இபெமெலுவின் கண்களினூடாகவே காட்டுவதால், தன் கலை பற்றி அவள் கொண்டிருக்கக்கூடிய பெருமிதம் நமக்குப் புலப்படுவதில்லை. இஃது ஒரு குறைபாடே.

சட்டமும் இக்கையை இலேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. விமான நிறுவனமொன்றின் பின்னல் தடையை எதிர்த்து றெனே றொஜர்ஸ் தொடுத்த வழக்கில், 1981இல் நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றம் நிறுவனத்தின் தடையையே ஆதரித்தது. ரெக்சாஸ் மாநிலத்தில், உரிமமின்றிப் பின்னியமைக்காக ஐசிஸ் பிரான்ற்லி 1997இற் கைதுசெய்யப்பட்டார். பின்னர், பின்னலை மட்டுமே கற்பிக்கும் பள்ளியும் 10 முடிதிருத்து நாற்காலிகளை வைத்திருத்தல் வேண்டுமென அம்மாநிலம் விதித்தது. 2015இல் சமஷ்டி நீதிமன்றம் அவ்விதிகளை அரசியலமைப்புக்கு முரணானவையெனத் தீர்த்தது. கூந்தல் அமைப்பின் பேரிற் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 2019இலேயே கலிபோர்னியாவில் முதன்முதலாக இயற்றப்பட்டது.

இன்று இத்தொழிலை முயற்சியாண்மையென்றும் பண்பாட்டு எழுச்சியென்றும் போற்றுவோர் பலர். அப்போற்றுதலில் உண்மை உண்டு: சிறுமுதலுடன், தாயிடமிருந்து மகள் கற்ற திறனைக் கொண்டு பெண்ணொருத்தி தன் காலில் நிற்க இது வழிசெய்கிறது. எனினும், நிலையத்துக்கு உரிமையாளரான பெண்ணும் அங்கு கூலிக்குப் பின்னும் பெண்ணும் ஒரே நிலையினர் அல்லர். அவ்வேறுபாட்டை மறைக்கும் புகழுரை, பின்னலை வாழ்த்திப் பின்னியவளை மறக்கும் புகழுரையே. பண்பாட்டு விமரிசனம் படத்தில் உள்ள தலையோடு நின்றுவிடாது, படத்தில் இல்லாத விரல்களையும் தேடுதல் வேண்டும்.