அஸ்ஸர்காலியின் முட்டை வடிவமும் கெப்ளரின் நீள்வட்டமும்

கோள்கள் நீள்வட்டப் பாதையில் இயங்குகின்றன என்பதை, கெப்ளருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தலூசிய வானியலாளர் அஸ்ஸர்காலி (இறப்பு: 1100) கண்டறிந்துவிட்டார் என்னும் கூற்று, முஸ்லிம்களின் அறிவியல் பங்களிப்பைப் பேசும் எழுத்துகளில் அவ்வப்போது இடம்பெறுகிறது. செவிக்கு இனிய இக்கூற்று ஆய்வுக்கு ஈடுகொடுக்குமா என்பதே நம் வினா.

இதற்கு ஓர் அடிப்படை இல்லாமல் இல்லை. கோள்களின் நிலையை அறிய அஸ்ஸர்காலி வடிவமைத்த தகட்டுக் கருவியில், புதனுக்குரிய கோடு வட்டமாக அன்றி முட்டை வடிவாக அமைந்துள்ளது. 13ஆம் நூற்றாண்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ ஸ்பானிய மொழியில் தொகுப்பித்த வானியல் நூல்களில் இக்கருவியின் விளக்கம் இடம்பெற்றுள்ளது. ஆனால் அக்கோடு எதன் பாதை? தாலமியின் கணக்குப்படி, புதனைச் சுமக்கும் சிறுவட்டத்தின் மையம் பூமியைச் சுற்றி வரும் தடம் தானாகவே முட்டை வடிவு கொள்ளும். அதனையே அஸ்ஸர்காலி தகட்டில் வரைந்தார். சூரியனைப் புதன் சுற்றும் பாதை என்னும் கருத்துக்கே அங்கு இடமில்லை.

கெப்ளரின் வழி வேறு. டைக்கோ பிராஹே அளந்து வைத்த செவ்வாயின் நிலைகளுக்கும் வட்டப் பாதைக் கணக்குக்கும் இடையே 8 கலை அளவு வேறுபாடு எஞ்சியது. 60 கலைகள் சேர்ந்தது ஒரு பாகை. இச்சிறு பிழையை அவர் புறக்கணிக்கவில்லை. முதலில் முட்டை வடிவைச் சோதித்தார். அதுவும் பொருந்தாமற்போகவே கைவிட்டார். ஒரு குவியத்தில் சூரியன் அமைந்த நீள்வட்டமே பொருந்துவதை 1609இல் வெளியிட்டார். செவ்வாயின் பாதையை 100 செ.மீ. நீளத்தில் வரைந்தால் அதன் அகலம் ஏறத்தாழ 99.6 செ.மீ. இருக்கும், சூரியனோ மையத்திலிருந்து சுமார் 4.7 செ.மீ. விலகி நிற்கும். கண்ணுக்கு வட்டமாகவே தோன்றும் பாதை அது. ஆகவே, படத்தில் ஒரு முட்டை வடிவைக் கண்டதும் அதனைக் கெப்ளரின் நீள்வட்டம் எனக் கொள்வது பொருந்தாது.

நீள்வட்டம் அரபு அறிஞர்கள் அறியாத வடிவமன்று. அதனை அவர்கள் 'அல்கத்உந் நாகிஸ்' என்றனர். அப்போலோனியஸின் கூம்பு வெட்டுகள் பற்றிய நூல் 9ஆம் நூற்றாண்டில் பனூ மூஸா சகோதரர்களின் முயற்சியால் அரபியாக்கப்பட்டது. அதன் 5, 6, 7ஆம் பாகங்கள் அரபியில் மட்டுமே எஞ்சியுள்ளன. எனினும், விண்ணுக்கு உரியது சீரான வட்ட இயக்கமே என்னும் கிரேக்கக் கொள்கை அவ்வடிவை வானில் பொருத்திப் பார்க்க விடவில்லை. 1543இல் நூல் வெளியிட்ட கொப்பர்நிக்கஸும் வட்டத்தைக் கைவிடவில்லை.

அப்படியாயின் நம் முன்னோரின் சிறப்பு எங்கே? தாலமியின் அமைப்பு அவர் வகுத்த கொள்கைக்கே முரண்படுவதை, 11ஆம் நூற்றாண்டில் இப்னுல் ஹைஸம் 'அஷ்ஷுகூக்' நூலில் எடுத்துக்காட்டினார். 1259இல் மராகாவில் வானாய்வுக்கூடம் நிறுவப்பட்டபின் நஸீருத்தீன் தூஸீயும் அவருடைய குழுவினரும் மாற்று அமைப்புகளைத் தேடினர். டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் நேரக்கணிப்பாளர் இப்னுஷ் ஷாத்திர் (1304–1375) வகுத்த சந்திர அமைப்பு, கணித அளவில் கொப்பர்நிக்கஸினுடையதோடு ஒத்திருப்பதை 1957இல் விக்டர் ராபர்ட்ஸ் எடுத்துக்காட்டினார். இவை சுவடிகள் சான்று பகரும் உண்மைகள்.

சான்றில்லாத ஒன்றை இவற்றோடு சேர்த்துச் சொன்னால், சான்றுள்ளவையும் ஐயத்திற்கு உள்ளாகும். செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளர் தொடரை ஆராயக் கற்பித்த மரபு நம்முடையது. நமக்குப் பெருமை தரும் செய்திகளை அவ்வாய்விலிருந்து விலக்கி வைக்க நமக்கு உரிமையில்லை.