மரபணுவும் வினைச்சொல்லும்

மரபணு இருந்தால் உறுப்பும் அமையும் என்று எழுதுவது அரை உண்மையே. பழ ஈயின் கருவில் மேற்றோல் உயிரணுக்கள் சில நுண்முட்களை நீட்டுகின்றன; அண்டையிலுள்ளவை வழவழப்பாகவே நிற்கின்றன. மரபணுத் தொகுதியோ இரண்டிலும் ஒன்றே. ‘ஷேவன்பேபி’ என்னும் மரபணு செயற்படும் உயிரணுவே முள் நீட்டும். அம்மரபணு ஆக்கும் புரதமும் முதலில் பிற மரபணுக்களை அடக்கும் இயல்பினது. சிறு புரதத்துண்டுகளின் தூண்டலால் அதன் ஒரு பகுதி நறுக்கப்பட்ட பின்னரே அவற்றை இயக்குகிறது என்பதை 2010இல் ஜப்பானிய, பிரெஞ்சு ஆய்வாளர் காட்டினர்.

ஆகவே, கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தமிழில் அறிவியல் விளக்கும் ஆசிரியர்கள், மரபணு ‘உண்டு’ என்பதோடு நில்லாது, ‘செயற்படுகிறது’ என்றும் சேர்த்துரைத்தல் வேண்டும். இன்றேல் மரபு என்பது தலையெழுத்தாகிவிடும்; ‘இவனுக்குப் பிறவியிலேயே வராது’ என்று மாணவனைத் தள்ளுவதற்கும் அறிவியல் பெயரால் இடமுண்டாகும்.